கோல்சிசின் 0.5 மி.கி. மாத்திரை: மாரடைப்புக்குப் பிறகு பதினெட்டு மாதங்கள்

2023 அக்டோபரில் எனக்கு மாரடைப்பு வந்து, இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பிய பன்னிரண்டாம் நாள் மறுபரிசோதனைக்குச் சென்றேன். ஆஸ்பிரின், கிளோபிடோக்ரெல், ரோசுவாஸ்டாட்டின், மெட்டோப்ரோலால், ராமிப்ரில் என்று ஏற்கெனவே ஐந்து வரிகள் இருந்த சீட்டில் மருத்துவர் ஆறாவது வரியாகக் கோல்சிசின் 0.5 மி.கி., இரவு உணவுக்குப் பின் ஒன்று என்று எழுதினார். தாராபுரத்தில் நான் வழக்கமாக வாங்கும் மருந்துக் கடையில் இருந்த தம்பி அந்த வரியைப் பார்த்துவிட்டு, "சார், இது கவுட்டுக்குக் கொடுக்கற மாத்திரைங்க, உங்களுக்கு யூரிக் ஆசிட் இருக்குதுங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. கவுட் என்னும் மூட்டுவலிக்கான மாத்திரைக்கும் இதயத்திற்கும் என்ன தொடர்பு என்று தெரியாமல் அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்த என்னைப் போன்றவர்களுக்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

மாரடைப்பில் இரத்தம் கிடைக்காமல் இறந்துபோன தசையை அப்புறப்படுத்த வெள்ளை அணுக்கள் சில மணி நேரத்திற்குள் அங்கே குவிகின்றன. அந்த வேலை நடந்தால்தான் தழும்பு உருவாகி இதயச் சுவர் உறுதிப்படும். ஆனால் அந்த அழற்சி அளவு மீறினாலும், தணியாமல் நீடித்தாலும், பிழைத்திருக்கும் தசையும் கெடுகிறது. மற்ற இரத்தக் குழாய்களில் ஏற்கெனவே படிந்திருக்கும் கொழுப்புப் படிவங்களும் வெடிக்கும் நிலைக்கு நெருங்குகின்றன. "கையில் வெட்டுக்காயம் பட்டால் சுற்றிலும் சிவந்து சூடாகுதல்லங்களா, அதேதான் உள்ளேயும் நடக்குது, அது வேணும், ஆனா அளவோடு வேணும்" என்று என் மருத்துவர் சொன்ன விளக்கம் போதுமானதாக இருந்தது. வெள்ளை அணுக்களின் உள்ளே சாரம் போல நிற்கும் நுண்குழல்கள் உருவாவதைக் கோல்சிசின் தடுக்கிறது. அதனால் அவை விரைந்து நகர முடிவதில்லை; இன்டர்லூக்கின்-1 என்னும் அழற்சித் தூதுப் பொருள் வெளிப்படுவதும் குறைகிறது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். அழற்சியைக் குறைக்கும் மருந்து என்றதும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி நிவாரணிகள் சிலருக்கு நினைவுக்கு வரலாம். இதயத்தைப் பொறுத்தவரை அவை இதற்கு நேர் எதிரானவை. மாரடைப்பு வந்தவர்களுக்கு அவை மறு மாரடைப்பின் ஆபத்தைக் கூட்டுகின்றன. அதே குடும்பத்தைச் சேர்ந்த ரோஃபெகாக்ஸிப் 2004இல் உலகச் சந்தையிலிருந்தே விலக்கப்பட்டது இந்தக் காரணத்தால்தான். ஆகவே முழங்கால் வலிக்கு வாங்கி வைத்த மாத்திரை வீட்டில் இருக்கிறது, அதுவும் அழற்சியைத்தானே குறைக்கிறது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

ஒரு மிக்ஸியை வாங்கினால் அரைத்துப் பார்த்து மதிப்பிடலாம். இந்த மாத்திரையை அப்படி மதிப்பிட முடியவில்லை. இதைப் போட்டுக்கொண்டதால் மூச்சு இலகுவாகவில்லை, நடை கூடவில்லை, நெஞ்சில் எந்த மாறுதலும் தெரியவில்லை. இது வேலை செய்தால் எனக்குத் தெரியவருவதெல்லாம் இரண்டாவது மாரடைப்பு வராமல் இருப்பது ஒன்றே. அது வராமலிருப்பது இந்த மாத்திரையாலா, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினாலா, புகைபிடிப்பதை விட்டதாலா என்று என் ஒருவன் உடம்பை வைத்துச் சொல்ல வழியில்லை. ஆயிரக்கணக்கானோரிடம் நடத்திய ஆய்வுகளை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அழற்சியை மட்டும் அடக்கினால் இதயம் காக்கப்படுமா என்ற கேள்விக்கு முதலில் உறுதியான விடை தந்தது 2017இல் வெளிவந்த கேன்டோஸ் ஆய்வு. முன்பு மாரடைப்பு வந்து, அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதம் இரத்தத்தில் லிட்டருக்கு 2 மி.கி.க்குக் குறையாமல் இருந்த 10,061 பேரிடம் கனகினுமாப் என்ற ஊசி மருந்து சோதிக்கப்பட்டது. கொழுப்பு அளவைத் தொடாமலேயே அது மறு பாதிப்புகளை ஏறத்தாழ 15 விழுக்காடு குறைத்தது. ஆனால் உயிர்ப்பலி கொள்ளும் தொற்றுகள் சற்று அதிகரித்தன. விலையோ சாதாரண மக்களுக்கு எட்டாதது. அடுத்து மெத்தோட்ரெக்சேட் என்ற மற்றோர் அழற்சி அடக்கும் மருந்தைச் சோதித்தார்கள்; அதில் பயன் கிடைக்கவில்லை. இதற்குப் பிறகுதான் நெடுங்காலமாகக் கவுட்டுக்குப் பயன்பட்டுவந்த, மலிவான கோல்சிசின் பக்கம் பெரிய அளவில் கவனம் திரும்பியது.

மான்ட்ரியல் இதய நிறுவனத்தின் ழான்-க்ளோட் டார்டிஃப் தலைமையில் 2019இல் வெளியான கோல்காட் ஆய்வில், மாரடைப்பு வந்து 30 நாட்களுக்குள் இருந்த 4,745 பேரில் பாதிப் பேருக்குத் தினமும் 0.5 மி.கி. கோல்சிசினும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் தரப்பட்டன. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில், இதய இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் வெற்று மாத்திரைக் குழுவில் 7.1 விழுக்காடு, கோல்சிசின் குழுவில் 5.5 விழுக்காடு. நூறு பேர் சாப்பிட்டால் ஒன்றிரண்டு பேர் தப்புகிறார்கள் என்பதுதான் இதன் பொருள். அந்தப் பயனும் பெரும்பாலும் பக்கவாதமும், நெஞ்சுவலியால் அவசரமாக மருத்துவமனையில் சேர்வதும் குறைந்ததால் வந்ததே தவிர, இறப்பு குறைந்ததால் வந்ததன்று. அடுத்த ஆண்டு, நாள்பட்ட இதய நோயாளிகள் 5,522 பேரிடம் ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் நடந்த லோடோகோ-2 ஆய்வில் இத்தகைய பாதிப்பு நேர்ந்தவர்கள் வெற்று மாத்திரைக் குழுவில் 9.6 விழுக்காடு, கோல்சிசின் குழுவில் 6.8 விழுக்காடு. இவற்றைத் தொடர்ந்து 2023 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதயத்திற்கான மருந்தாக 0.5 மி.கி. கோல்சிசினை அங்கீகரித்தது.

நான் மாத்திரையைத் தொடங்கிப் பதின்மூன்று மாதங்கள் ஆனபோது, 2024 நவம்பரில், கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழு நடத்திய க்ளியர் ஆய்வு வெளியானது. மாரடைப்பு வந்த 7,062 பேரிடம் நடந்த அந்த ஆய்வில், கோல்சிசின் குழுவில் 9.1 விழுக்காட்டினரும் வெற்று மாத்திரைக் குழுவில் 9.3 விழுக்காட்டினரும் பாதிப்புக்குள்ளாயினர். அதாவது வேறுபாடே இல்லை. சி.ஆர்.பி. குறைந்தது, ஆனால் நோய் குறையவில்லை. அந்தச் செய்தியைப் படித்த இரவு, மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். ஓராண்டாக நம்பி விழுங்கியது வீண்தானா என்ற வேதனையை மறைக்க விரும்பவில்லை. மறுவாரம் மருத்துவரிடம் கேட்டபோது, அவர் அந்த ஆய்வைச் சிறியதாக்கிப் பேசவில்லை. மாரடைப்பின் முதல் நாட்களில் தொடங்குவதற்கான ஆதாரம் இப்போது வலுவிழந்துவிட்டது என்றும், ஆனால் நான் இப்போது லோடோகோ-2இல் இருந்த நாள்பட்ட நோயாளிகளின் நிலைக்கு வந்துவிட்டேன் என்றும், அத்தகையவர்களுக்கு 2024இன் ஐரோப்பிய இதயவியல் சங்க வழிகாட்டுதல் இந்த மாத்திரையைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது என்றும் விளக்கினார். எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதாலும், சிறுநீரகம் நன்றாக இருப்பதாலும், தொடரலாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம். ஆய்வுகள் முரண்படும்போது அதை நோயாளியிடம் மறைக்காமல் பேசும் மருத்துவர் கிடைப்பது பெரும் பேறு.

பயன்பாட்டு அனுபவத்திற்கு வருகிறேன். முதல் வாரத்தில் நான்கு நாட்கள் வயிறு இளகியது. நாளுக்கு மூன்று முறை வெளியே போக வேண்டியிருந்தது. பிறகு தானாகவே சரியானது. செலவு மிகக் குறைவு; என் ஆறு மாத்திரைகளிலேயே இதற்குத்தான் குறைவாகக் கொடுக்கிறேன். ஸ்டாட்டினுடன் சேர்ந்து சாப்பிடுவதால் தொடை, தோள் தசைகளில் காரணமில்லாத வலியோ தளர்ச்சியோ வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று எச்சரிக்கப்பட்டிருக்கிறேன், இதுவரை வரவில்லை.

குறை என்று சொல்ல வேண்டியது மருந்து விற்கப்படும் முறையைத்தான். பத்து மாத்திரை அட்டையில் ஏழு கேட்டால் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கிறார்கள்; மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் கடையில் எஞ்சிய துண்டோடு போய்விடுகின்றன. கவனம் தேவைப்படும் இந்த மருந்துக்கு அது தகாது. போன மார்கழியில் இருமலுக்காக நான் சென்ற ஒரு சிறு மருத்துவ நிலையத்தில், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமலேயே கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை எழுதிவிட்டார்கள். கோல்சிசின் உடலை விட்டு வெளியேறுவதை அந்த மருந்து தடுத்து, நஞ்சாகும் அளவுக்கு இரத்தத்தில் ஏற்றிவிடும். சட்டைப் பையில் வைத்திருந்த முழு அட்டையை எடுத்துக் காட்டிய பிறகு வேறு மருந்து எழுதித் தந்தார்கள். அன்று முதல் முழு அட்டையாகத்தான் வாங்குகிறேன்.

நஞ்சு என்ற சொல் மிகையானதன்று என்பதை எங்கள் பகுதிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மூலனூர்ப் பக்கம் கம்பிப் பந்தலில் படர்ந்து, மஞ்சளில் தொடங்கிச் செந்நிறமாக முடியும் இதழ்களோடு பூத்து நிற்கும் கண்வலிக்கிழங்குச் செடி, அதாவது செங்காந்தள், கோல்சிசின் நிறைந்தது. காலை வேளையில் பெண்கள் பூப்பூவாகக் கையால் மகரந்தம் சேர்த்து விளைவிக்கும் அதன் விதைகள், இந்த மருந்தைப் பிரித்தெடுப்பதற்காகவே விற்கப்படுகின்றன. கலப்பை போல வளைந்த அதன் கிழங்கைத் தொட்ட கையைக் கழுவாமல் வாயில் வைக்கக் கூடாது என்று என் பாட்டி அடித்துச் சொல்வார். அதை உண்டு உயிரிழந்தவர்கள் உண்டு. அந்த நஞ்சுக்கு முறிவு மருந்தும் கிடையாது. இயற்கையாகவே கிடைக்கிறதே என்று யாரேனும் கிழங்கை அரைத்துக் குடிக்க முன்வந்தால், தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். 0.5 மி.கி. என்று அளந்து வைத்த மாத்திரைக்கும் அந்தக் கிழங்குக்கும் இடையில்தான் உயிர் நிற்கிறது.

என் பரிந்துரை இதுதான்: மாரடைப்பு வந்து சில மாதங்கள் கடந்து, சிறுநீரகமும் கல்லீரலும் நன்றாக இருந்து, மற்ற ஐந்து மாத்திரைகளையும் தவறாமல் சாப்பிடுபவர் இதைப் பற்றித் தம் மருத்துவரிடம் கேட்பது பயனுள்ளது. அந்த ஐந்தில் ஒன்றைக் குறைத்து இதைச் சேர்க்க நினைப்பவருக்கு இது வேண்டாம். எனக்குத் தொடக்கத்தில் 4.2 ஆக இருந்த சி.ஆர்.பி. இப்போது 1.6 ஆகியிருக்கிறது. அடுத்த சிறுநீரகப் பரிசோதனை ஆடி மாதத்தில் இருக்கிறது. அதில் கிரியாட்டினின் ஏறியிருந்தால் இந்த மாத்திரையை அன்றே நிறுத்திவிடுவது என்று மருத்துவரும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.