காயப்போடுவதா, பத்தியமா, வழக்கமான சாப்பாடா: உணவு நஞ்சான பிறகு எது நல்லது?

வாந்தியும் பேதியும் அடங்கத் தொடங்கியதும் என்ன சாப்பிடுவது என்பதற்கு மூன்று வழிகள் சொல்வார்கள். ஒரு நாளாவது வயிற்றைக் காயப்போடுவது ஒன்று. வாழைப்பழம், சோறு, ஆப்பிள் கூழ், வாட்டிய ரொட்டி என நான்கைந்து நாள் பத்தியம் இருப்பது இன்னொன்று. பசி எடுத்ததும் வழக்கமான சாப்பாட்டைச் சிறிய அளவில் தொடங்குவது மூன்றாவது. என் ஓட்டு மூன்றாவதற்கு, பால் மட்டும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும் என்ற நிபந்தனையோடு.

காயப்போடுவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வாந்தி ஓயாத சில மணி நேரம் எப்படியும் எதுவும் உள்ளே தங்காது. அதற்கு மேல் பட்டினியை நீட்டிப் பயனில்லை. சிறுகுடலின் உட்சுவர் செல்கள் 3 முதல் 5 நாளில் புதுப்பிக்கப்படுபவை, குடலுக்குள் வரும் உணவிலிருந்தும் நேரடியாகச் சத்தை எடுத்துக்கொள்பவை. குடலைக் காலியாக வைத்தால் பழுது பார்க்கும் வேலைக்குச் சரக்கு குறையும்.

எந்த வழியில் போனாலும் நீர்ச்சத்துதான் முதலில். வாந்தி எடுத்து 10 நிமிடம் விட்டு, ஒரு தேக்கரண்டி ஓஆர்எஸ் (உப்பும் சர்க்கரையும் கலந்த, இழந்த நீரை ஈடுகட்டும்) கரைசல், ஓரிரு நிமிடம் கழித்து இன்னொன்று. பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சர்க்கரை கூடினால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும். பழச்சாறும் குளிர்பானமும் ஆகாததற்கும் இதுவே காரணம்.

பத்தியம் ஒரு நாளைக்குத் தப்பில்லை. வாழைப்பழத்தில் பொட்டாசியம் உண்டு, சோறும் ரொட்டியும் எளிதில் செரிக்கும். நான்கு நாள் நீண்டால்தான் சிக்கல்: புரதமும் கொழுப்பும் ஏறக்குறைய இல்லாத சாப்பாடு அது. ஏற்கெனவே சோர்ந்த உடம்பு இன்னும் தளரும். குழந்தைகளுக்கு இந்த நான்கு பொருள் பத்தியத்தைக் குழந்தை மருத்துவர்களே இப்போது பரிந்துரைப்பதில்லை.

அதனால் சோறோ உருளைக்கிழங்கோ இருக்கும் தட்டில் முதல் நாளே வேகவைத்த முட்டை, குழைந்த பருப்பு, தோல் நீக்கிய கோழி என ஏதாவது ஒரு புரதம் சேரட்டும். வழக்கமான அளவில் பாதி, நாளுக்கு ஐந்தாறு வேளை. பொரித்தது வேண்டாம், கொழுப்பு இரைப்பையில் அதிக நேரம் தங்கிக் குமட்டலைக் கிளப்பும். காபியும் காரமும் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகட்டும். சாப்பிட்ட அரை மணிக்குள் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தால், “சாப்பிட்டது அப்படியே போகுது” என்று பயப்பட வேண்டாம். இரைப்பை நிறையும்போது பெருங்குடல் அசையும் இயல்பான அனிச்சை அது. வெளியேறுவது முன்பே குடலில் இருந்தது.

இனி பால். தேறி வருபவரை மறுபடி கவிழ்ப்பது பெரும்பாலும் இதுதான். பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி, குடலுறிஞ்சிகளின் (சிறுகுடல் உட்சுவரில் விரல்போல் நீட்டியிருக்கும் நுண்ணிய நீட்சிகளின்) நுனியில் இருக்கிறது. தொற்றில் முதலில் அடிபடுவது அந்த நுனி. மற்றவை தேறினாலும் அது தேறத் தாமதமாகும். உடையாத லாக்டோஸ் தண்ணீரை இழுக்கும். பெருங்குடலில் கிருமிகள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். குடித்த அரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள் வயிறு உப்பி, கடமுடவென்று சத்தம் போட்டு, புளித்த வாடையுடன் தண்ணீராகப் போகும். நோய் திரும்பிவிட்டதென்று நினைத்து மறுபடி பட்டினி போடுவார்கள். நிறுத்த வேண்டியது பாலை மட்டும்.

250 மி.லி. பாலில் சுமார் 12 கிராம் லாக்டோஸ் இருக்கும். பேதி நின்று ஒரு வாரம் கழித்து, சாப்பாட்டோடு 100 மி.லி. குடித்து இரண்டு மணி நேரம் பாருங்கள். ஒன்றும் ஆகாவிட்டால் மறுநாள் இரட்டிப்பு. வயிறு மறுபடி கலங்கினால் இன்னொரு வாரம் பொறுங்கள். சிலருக்கு ஒரு மாதத்துக்கு மேலும் இழுக்கும். தயிரை முன்பே தொடங்கலாம். அதிலுள்ள நுண்ணுயிர்களே லாக்டோஸில் ஒரு பங்கை உடைத்துவிடும். கெட்டியான, நாள்பட்ட பாலாடைக்கட்டியில் லாக்டோஸ் அநேகமாக இருக்காது. ஐஸ்கிரீம், பால்பவுடர் சேர்த்த பிஸ்கட், கிரீம் சூப் எல்லாம் பால் கணக்கில்தான். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்த விதி கிடையாது, நிறுத்தவே கூடாது. கெட்டுப்போன உணவின் நச்சால் சில மணி நேரம் வாந்தி மட்டும் எடுத்து ஒரே நாளில் தெளிந்தவருக்கும் இவ்வளவு கெடுபிடி பெரும்பாலும் தேவைப்படாது.

புரோபயாடிக் (நன்மை தரும் நுண்ணுயிர்கள் அடங்கிய) மாத்திரைக்காக நான் வாதாட மாட்டேன். 2018இல் குழந்தைகளிடம் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. பெரியவர்கள் விஷயத்தில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

மலத்தில் ரத்தம், 39 டிகிரி செல்சியஸ் தாண்டும் காய்ச்சல், மூன்று நாளுக்கு மேல் பேதி, ஒரு வாய்த் தண்ணீரும் தங்காத வாந்தி, எழுந்தால் தலைசுற்றல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றால் மேலே சொன்ன எந்த வழியும் பொருந்தாது, மருத்துவரிடம் போக வேண்டும். ரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது பேதியை நிறுத்தும் மாத்திரையைச் சொந்தமாகப் போட்டுக்கொள்ளவும் கூடாது. வெளியேற வேண்டிய கிருமியும் நச்சும் உள்ளேயே தங்கிவிடும்.