2.5-இல் நின்றுவிட்ட ப்ராசசர்: விண்டோஸில் தேடுவதா, பயாஸில் தேடுவதா?

பெங்களூரு அல்சூரில் உள்ள என் வீட்டுக் கணினியில் இருப்பது இன்டெல் கோர் ஐ5-12400. அதன் அடிப்படை வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ், வேலை கூடும்போது தானாக வேகத்தைக் கூட்டும் டர்போவில் 4.4 வரை ஏறக்கூடியது. வீடியோ ரெண்டர் ஓடும்போதும் டாஸ்க் மேனேஜரில் வேகம் 2.5-ஐத் தாண்டாததைச் சொன்னதும், எஸ்.பி. ரோட்டுக் கணினிக் கடைக்காரர் ஒருவர் பயாஸை, அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளை, ரீசெட் செய்யச் சொன்னார். அலுவலக நண்பரோ விண்டோஸின் பவர் செட்டிங்கைப் பார்க்கச் சொன்னார்.

நண்பர் சொன்ன வழிக்கு இரண்டு நிமிடம் போதும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸைத் திறந்து, அட்வான்ஸ்டு பகுதியில் ‘மேக்ஸிமம் ப்ராசசர் ஸ்டேட்’ என்ற வரியைப் பார்க்க வேண்டும். அங்கே 100-க்குப் பதிலாக 99 சதவீதம் இருந்தாலே டர்போ நின்றுவிடும். ஃபேன் இரைச்சலைக் குறைக்கப் பலர் வேண்டுமென்றே அப்படி வைத்துவிட்டுப் பிறகு மறந்துவிடுகிறார்கள். என் கணினியிலும் அதுதான் நடந்திருந்தது. 100 ஆக்கியதும், ரீஸ்டார்ட் கூடச் செய்யாமல், ரெண்டரின்போது ஆறு கோர்களும் 4.0-ஐத் தொட்டன.

பயாஸ் வழியைத் தவறென்று சொல்லவில்லை. அங்கே ‘டர்போ பூஸ்ட்’ அணைக்கப்பட்டிருந்தால், அல்லது ஏஎம்டி போர்டுகளில் ‘கோர் பெர்ஃபார்மன்ஸ் பூஸ்ட்’ அணைக்கப்பட்டிருந்தால், விண்டோஸில் என்ன மாற்றினாலும் பயனில்லை. விண்டோஸின் அமைப்புகள் எதுவும் தொடாத வேறொரு இயங்குதளமான உபுண்டுவை யூஎஸ்பியிலிருந்து பூட் செய்து பாருங்கள். அதிலும் வேகம் ஏறாவிட்டால் பயாஸுக்குள் போவதே முறை. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள். முழு ரீசெட் செய்தால் ரேமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பு போய்விடும். வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெகவரி கீயும் கேட்கக்கூடும், அதைக் கையில் வைத்திராதவர்களின் கோப்புகள் பூட்டிக்கொள்ளும். இதைச் சொல்லாமல் ரீசெட் செய்யச் சொல்வது எனக்கு ஏற்புடையதல்ல.

ப்ராசசரின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவது இந்தக் கோளாறுக்கு மருந்தல்ல. சூட்டினால் குறையும் வேகம், வெப்பம் 100 டிகிரியை நெருங்கும்போது ஏறி இறங்கும். ஒரே எண்ணில் அசையாமல் நிற்காது.

லேப்டாப்பில் வேகம் அடிப்படைக்கும் கீழே, 0.8 அல்லது 0.4-இல் நின்றால் அது வேறு நோய். பெரும்பாலும் சார்ஜர், பேட்டரி அல்லது ஒரு சென்சாரிலிருந்து வரும் எச்சரிக்கை. த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளில், இந்த எச்சரிக்கையை ப்ராசசர் ஏற்கச் செய்யும் ‘பிடி ப்ராக்ஹாட்’ டிக்கை எடுத்தால் வேகம் திரும்பிவிடும் என்பது உண்மைதான், ஆனால் அது பாதுகாப்பு எச்சரிக்கையின் வாயை அடைப்பது. காரணத்தைக் கண்டுபிடிக்கச் சில நிமிடம் எடுத்துப் பார்க்கலாமே தவிர, நிரந்தரமாக அப்படி விட்டுவிடக் கூடாது. முதலில் சரியான வாட் உள்ள வேறொரு சார்ஜரைப் போட்டுப் பாருங்கள்.