குழாய்க்குள் சத்தம் எவ்வளவு குறையும்: எந்தக் கணக்கை நம்பலாம்?

பேரணாம்பட்டில் தெரிந்தவர் ஒருவரின் ஷூ பட்டறை. பசை நெடியை வெளியே தள்ள 200 மி.மீ. பிவிசி குழாயில் ஒரு புளோயர். 10 இறக்கை, நிமிடத்துக்கு 1440 சுற்று. ஆக 240 ஹெர்ட்ஸில் ஓயாத ரீங்காரம். குழாய் வாய் பார்த்திருக்கும் வீட்டில் கைக்குழந்தை. "குழாயை இன்னும் நீட்டிக்கினு போனா சத்தம் அடங்கிடும்ணா" என்றார் ஃபிட்டர்.

அவர் மனதில் இருந்தது வெட்டவெளிக் கணக்கு. தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். 1 மீட்டரிலிருந்து 8 மீட்டருக்குப் போனால் 18. குழாய்க்கு இது பொருந்தவே பொருந்தாது. வெளியில் சத்தம் நாலாபுறமும் பரவுவதால் குறைகிறது. குழாய்ச் சுவர் அதைப் பரவ விடுவதே இல்லை.

வெறும் குழாய்க்கு உரியது 1868-ல் இயற்பியலாளர் கிர்க்காஃப் தந்த கணக்கு. சுவரை ஒட்டிய காற்றின் உராய்வும், சுவருக்குப் போய்விடும் வெப்பமும்தான் அதில் இழப்பு. அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தை 0.00026 ஆல் பெருக்கி, மீட்டரில் ஆரத்தால் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை டெசிபல் என்று வரும். இந்தக் குழாய்க்கு 0.04. ஏழு மீட்டர் நீட்டினாலும் 0.28 தான், எந்தக் காதுக்கும் தெரியாது. கெட்டியான வழவழப்பான சுவர், ஓடாத காற்று என்று வைத்துப் போடும் கணக்கு இது. ஆனாலும் 18 எங்கே, 0.28 எங்கே!

உள்ளே கிளாஸ் வுல் (கண்ணாடி நார்ப் பஞ்சு) ஒட்டினால் கதையே வேறு. அதற்கு 1940-ல் வந்த சபைன் சூத்திரம்: உறிஞ்சு கெழுவின் (படும் சத்தத்தில் எத்தனை பங்கைப் பஞ்சு உறிஞ்சும் என்ற எண்) 1.4 அடுக்கு, பெருக்கல் 1.05, பெருக்கல் உள்சுற்றளவு, வகுத்தல் உள்ளே குறுக்குவெட்டின் பரப்பு, எல்லாம் மீட்டரில். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 25 மி.மீ. ஒட்டியபின் உள்விட்டம் 150 தான். அதை வைத்தே போட வேண்டும். கெழு 0.25 என்றால் மீட்டருக்குச் சுமார் 4 டெசிபல். இரண்டு மீட்டரில் 8. அலைநீளம் குழாயின் அகலத்தைவிடப் பெரிதாக இருக்கும்வரை இதை நம்பலாம். கீச்சென்ற சத்தங்களுக்கு இது குறைப்பை உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும்.

கணக்கே வேண்டாம், குழாயில் துளை போட்டு போனை உள்ளே விட்டு அளக்கலாம் என்பவர்களும் உண்டு. ஓர் இடத்து அளவை நம்பாதீர்கள். குழாய் வாயில் பட்டுத் திரும்பும் அலையால் உள்ளே சத்தத்தில் மேடும் பள்ளமும் (ஓரிடத்தில் கூடுதல், ஓரிடத்தில் குறைவு) உண்டாகும். மே மாதத்து 40 டிகிரியில் ஒலி வேகம் நொடிக்கு 355 மீட்டர். பள்ளத்துக்குப் பள்ளம் 74 செ.மீ. துளையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் எண்ணே மாறிவிடும். வெளியே, அந்த வீட்டு ஜன்னலோரம் வைத்து, ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் அளப்பதே சரி.

நான் சொன்னது சபைன் வழிதான்: இரண்டு மீட்டர் துண்டு, கிளாஸ் வுல், நார் பறக்காமல் மேலே துளைத் தகடு. விட்டம் குறைவதால் காற்றோட்டம் போதுமா என்று பார்த்த பிறகே ஒட்ட வேண்டும். பசை நெடி உள்ளேயே தங்கிவிடக் கூடாது.