நீல நிறப் "பாசி மருந்து": கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் கவனம்

வன்னியில் வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வவுனியாவில் ஒரு கடையில் "பாசி மருந்து" என்று நீல நிறத் திரவம் ஒன்று விற்கிறார்கள். தயவுசெய்து அதை உப்புத்தண்ணித் தொட்டிக்குள் ஊற்றிவிடாதீர்கள்.

எங்கள் தொட்டியில் மணலுக்கு மேல் கருஞ்சிவப்பாக ஏதோ படரத் தொடங்கியது. வெல்வெட் துணி விரித்த மாதிரி, நடுவில் சின்னச் சின்னக் குமிழிகள். கையால் தூக்கினால் தகடாக உரிந்து வரும், பிறகு அதே இடத்தில் திரும்பவும் படரும். போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் கடையில் காட்டினேன்.

"தம்பி, இது சும்மா பாசி. இதை ஊத்துங்கோ, ரெண்டு நாளில போயிடும்."

தொட்டி எத்தனை லீட்டர், உள்ளே என்ன வளர்க்கிறீர்கள் என்று ஒரு கேள்வி இல்லை. உப்புத்தண்ணி, இறாலும் நத்தையும் இருக்கு என்று நானாகத்தான் சொன்னேன். "அதுகளுக்கு ஒண்டும் செய்யாது" என்றார். கூடவே பாசி தின்ன ஒரு டேங்க் கிளீனரையும் கொண்டுபோகச் சொன்னார். அது தென்னமெரிக்காவின் ஆற்று மீன், கடல்நீரில் விட்டால் செத்துப்போகும்! மீன் வேண்டாம் என்றுவிட்டு மருந்தை மட்டும் வாங்கினேன். விலை 2,800 ரூபா. பில் கேட்டதற்கு ஒரு துண்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்.

அவர் சொன்ன அளவுக்குத்தான் ஊற்றினோம். சிவப்புப் படலம் வெளிறியது உண்மை. ஆனால் விடிந்து பார்த்தால் இறால்கள் புரண்டு கிடந்தன, நத்தைகள் கண்ணாடியை விட்டுக் கழன்று விழுந்திருந்தன. துறவி நண்டும் போய்விட்டது. கோமாளி மீன்கள் மட்டும் தப்பின.

மீன் தப்ப, இறாலும் நத்தையும் சாக வேண்டுமென்றால் முதல் சந்தேகம் செம்புதான். போத்தலில் மிஞ்சியதைக் கொஞ்சம் கிளாசில் ஊற்றி, நன்றாகத் தேய்த்த இரும்பாணி ஒன்றைப் போட்டோம். ஆணியில் செம்பு நிறம் படிந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த அதே மயில்துத்த (செப்பு சல்பேட்டு) பரிசோதனைதான். மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு கொடுப்பதுண்டு, ஆனால் அதற்கென்று தனித் தொட்டி வைத்து, லீட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை, அளந்து அளந்து கொடுப்பார்கள். முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு அதைவிடக் குறைந்த அளவே நஞ்சு. மணலும் கல்லும் செம்பை உறிஞ்சி வைத்துப் பிறகு மெல்ல மெல்லத் தண்ணீரில் விடும் என்பதால் மணல் முழுவதையும் எறிய வேண்டியதாயிற்று.

இவ்வளவுக்கும் அது பாசியே இல்லை. தெரிந்த ஆசிரியர் ஒருவர் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது கணுக்கணுவாக மெல்லிய இழைகள் தெரிந்தன. சயனோபாக்டீரியா, அதாவது வெளிச்சத்தில் வளரும் ஒருவகை பாக்டீரியா. செத்த நத்தைகளின் கழிவில் அது திரும்பவும் வந்தது. குழாயால் உறிஞ்சி எடுத்து, நீரோட்டத்தைக் கூட்டி, மூன்று நாள் வெளிச்சத்தை நிறுத்தி, ஆர்ஓ தண்ணியில் (வடிகட்டிச் சுத்திகரித்த தண்ணி) உப்புக் கலந்து மாற்றியபின் அடங்கியது. இதற்கு மருந்துக் காசு ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் தொட்டியிலும் ஏதாவது படர்ந்தால் முதலில் தொட்டுப் பாருங்கள். தகடாக உரிந்தால் அனேகமாக இதுதான். புதுத் தொட்டியில் பழுப்புத் தூசி போலப் படிந்து, துடைத்தவுடன் போனால் டயட்டம் என்ற நுண்பாசி. அது சில கிழமைகளில் தானாகக் குறையும். குமிழியோடு சளிச்சளியாய் இழைந்து தொங்கி, இரவில் குறைந்து பகலில் கூடினால் டைனோஃபிளாஜெலேட் என்ற ஒற்றைக்கல நுண்ணுயிர் என்று சந்தேகப்படலாம். கொஞ்சம் எடுத்துச் சின்னப் போத்தலில் தொட்டி நீரோடு குலுக்கி, டிஷ்யூவில் வடித்து, அந்த நீரை வெளிச்சத்தில் வையுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்பவும் திரண்டால் அதுதான். அதற்கு நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் அறவே இல்லாத தண்ணீர் வசதி, ஆகவே மேலும் மேலும் தண்ணீர் மாற்றினால் கூடும். சயனோபாக்டீரியாவுக்குச் செய்வதை இதற்குச் செய்ய முடியாது.

கடைக்குத் திரும்பிப் போனேன். "எங்கட மருந்தில பிழை இல்லை, உங்கட தண்ணிதான் சரியில்லை" என்று சொல்லி இன்னொரு போத்தலை எடுத்து நீட்டினார். காசு திரும்பக் கிடைக்கவில்லை. போத்தல் வெள்ளை பிளாஸ்டிக், மூடி நீலம், உள்ளடக்கமோ தயாரிப்பாளர் பெயரோ கிடையாது, மார்க்கர் பேனாவால் "பாசி" என்று மட்டும் எழுதியிருக்கும்.