எஸ்எம்பிஎஸ் மாற்றியும் ரீஸ்டார்ட் ஆகிறதா? பாம்பன் காற்றில் நாலு வருடம் ஓடிய டெஸ்க்டாப்

"அண்ணே, எஸ்எம்பிஎஸ் புதுசு போட்டாச்சு, விண்டோஸும் புதுசா ஏத்தியாச்சு. ஒரு மாசம் நல்லா ஓடுச்சு, இப்ப மறுபடியும் தானா ரீஸ்டார்ட் ஆகுது." தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பியின் கேள்வி இது. எஸ்எம்பிஎஸ் என்றால் சுவர்க் கரண்டை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் பெட்டி. அந்த "ஒரு மாசம்" என்ற வார்த்தையில்தான் பதிலே இருக்கிறது.

பாம்பனில் கடலுக்கு அரைக் கிலோமீட்டருக்குள் ஓடும் என்னுடைய அசெம்பிள் டெஸ்க்டாப்பும் இதே கேஸ்தான். ஐ3, 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி, 450 வாட் எஸ்எம்பிஎஸ். வேகத்தில் நாலு வருடமாக ஒரு குறையும் இல்லை. பில்லிங், பிரிண்டர், இருபது டேப் திறந்த பிரவுசர் என எதற்கும் முனகியதில்லை. இதற்குள்ள ஒரே வியாதி, பாதி வேலையில் படக்கென்று இருண்டு மறுபடி எழுவது.

முதல் வேலையாக சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி என்று போய் "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" டிக்கை எடுத்துவிடுங்கள். அதன் பிறகு விண்டோஸ் பிழையைக் காட்டும் நீலத்திரை வந்து நின்றால் டிரைவர், ராம் பக்கம் தேடலாம். நீலத்திரையே இல்லாமல் விழுந்தால் விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவு இருக்கும். இதைக் காரணம் என்று நினைத்து விண்டோஸை மாற்றுகிறவர்கள் ஏராளம். முறையாக அணைக்காமல் நின்றுபோனது என்பதைத்தான் 41 சொல்கிறது. அதன் விவரத்தில் பக்செக்கோட் என்ற பிழை எண் 0 என்றிருந்தால், விழுந்த காரணத்தை எழுதிவைக்க விண்டோஸுக்கு நேரமே கிடைக்கவில்லை. பெரும்பாலும் கோளாறு கரண்ட் வரும் வழியில்தான்.

அடுத்து, விழும் நேரத்தை ஒரு வாரம் தாளில் குறித்துவையுங்கள். இந்தக் கடற்கரையில் மென்பொருள் சொல்லாததை நேரம் சொல்லிவிடும். காலையில் ஆன் செய்த அரை மணிக்குள் இரண்டு மூன்று தடவை விழுந்து, பதினொரு மணிக்கு மேல் ஒழுங்காக ஓடுகிறதா? அது உப்பு. காய்ந்த உப்பில் மின்சாரம் பாயாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கேபினட்டுக்குள் படிந்த தூசி அப்போது மின்சாரத்தைக் கசியவிடும் படலமாக மாறும். மெஷின் சூடேறியதும் அது உலர்ந்துபோகும், நாமும் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுவோம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னலோரம் வைத்த கேபினட்டுக்கு இது நிச்சயம்.

ஃப்ரிட்ஜோ மோட்டாரோ ஆன் ஆகும்போது யூபிஎஸ்ஸின் "டிக்" சத்தத்தோடு மெஷின் விழுந்தால் கதை வேறு. சாதாரண யூபிஎஸ் பேட்டரிக்கு மாற 10 மில்லி நொடி வரை எடுக்கும். நல்ல எஸ்எம்பிஎஸ் சுமார் 16 மில்லி நொடி தாக்குப்பிடிக்கும், உள்ளே மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர் கிழடானால் அது குறையும். இரண்டு நாள் யூபிஎஸ் இல்லாமல் நேரடியாகச் சுவர் பிளக்கில் ஓட்டிப் பாருங்கள். ரீஸ்டார்ட் ஆவது நின்றுவிட்டால் யூபிஎஸ்ஸின் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டு மூன்று வருடம்தான் அதன் ஆயுள்.

பிராசசர் சூடு என்று சொல்லிச் சூடு கடத்தும் பேஸ்ட் தடவுவதும் வழக்கம். சூடேறினால் முதலில் வேகம் குறையும், மீறினால் அணைந்து கிடக்கும். உடனே தானாக எழுந்து வருவது பெரும்பாலும் அந்த வகை இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். மதர்போர்டில் செருகும் 24 பின் கனெக்டரைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். தகரப் பூச்சு தேய்ந்த இடத்தில் பச்சைக் களிம்பு புள்ளிபுள்ளியாகத் தெரியும், விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். மஞ்சள், சிவப்பு கம்பிகள் ஒன்றுக்கு மேல் உண்டு. சாம்பல் நிறக் கம்பி ஒன்றே ஒன்றுதான். "பவர் சரியாக இருக்கிறது" என்று போர்டுக்குச் சொல்லும் கம்பி அது. அந்த ஒரு பின்னில் களிம்பேறித் தொடர்பு ஒரு கணம் விட்டாலும் போர்டு ரீசெட் ஆகிவிடும். எஸ்எம்பிஎஸ் மாற்றினால் ஆண் பிளக்கும் பெண் பிளக்கும் உரசி, களிம்பு கொஞ்சம் சுரண்டப்பட்டு சில வாரம் ஓடும். போர்டுப் பக்கத்துப் பின் பழையதுதானே. தம்பியின் "ஒரு மாசம்" இதுதான்.

சுவர் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். கனெக்டரைப் பத்துத் தடவை செருகிக் கழற்றுங்கள். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷ்ஷை நனைத்து இரண்டு பக்கமும் தேய்த்து, அரை மணி உலரவிடுங்கள். ராமின் தங்க முனைக்கு வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் லேசாக இரண்டு இழுப்பு போதும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், பூச்சு போனால் அடுத்த சீசனில் களிம்பு இரட்டிப்பாகும். ப்ராசசருக்குப் போகும் 4 அல்லது 8 பின் பிளக்கையும் விடாதீர்கள்.

பிறகு முழு லோடில் மல்டிமீட்டர் வையுங்கள். மஞ்சள் கம்பி 11.40 முதல் 12.60 வோல்ட் வரை, சிவப்புக் கம்பி 4.75 முதல் 5.25 வோல்ட் வரை இருக்க வேண்டும். 12.1 காட்டிவிட்டது என்று ஏமாறவும் வேண்டாம், மில்லி நொடிச் சரிவை மீட்டர் பிடிக்காது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மூன்று வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த் குழாய் உப்பு மண்ணில் அரித்திருக்கலாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் காற்றோட்டமுள்ள கேபினட்டில் சும்மா. பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பூட்டிவைக்கும், பருத்தித் துணி போதும். 1914-இல் திறந்த பாம்பன் பாலத்திலேயே அரிப்பால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள், தகரம் பூசிய பின் எம்மாத்திரம்.

நாலு வருடம் உழைத்த மெஷின், குறை சொல்ல மனசில்லை. ஆனாலும் இதே காசுக்கு மறுபடி இதே மாதிரி டவர் டெஸ்க்டாப் வாங்கச் சொன்னால் வாங்கமாட்டேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக் துடைக்கும் வேலை அலுத்துவிட்டது. தம்பி, நீங்கள் கழற்றிய பழைய எஸ்எம்பிஎஸ்ஸை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பின்னைச் சுத்தம் செய்துவிட்டு அதையே திரும்ப மாட்டி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.