கேள்வித்தாளா, ஈசிஜியா, டிரெட்மில்லா? ஊட்டியில் உடற்பயிற்சி தொடங்கும் முன்

ஊட்டியில் நாற்பது வயது தாண்டிய ஒருவர் ஜிம்மில் சேரப் போகிறேன் என்று சொன்னால் போதும், "முதல்ல கீழ போய் ஃபுல் செக்கப் பண்ணிட்டு வா" என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள். கீழே என்றால் கோவை. தப்பான யோசனை இல்லை, ஆனால் எல்லாருக்கும் அது தேவைப்படாது.

செலவே இல்லாத வழி பார்-க்யூ என்கிற கேள்வித்தாள். கனடாவில் 1970களில் உருவானது, மொத்தம் 7 கேள்விகள்: இதய நோய் இருப்பதாக டாக்டர் சொன்னாரா, வேலை செய்யும்போது நெஞ்சு வலிக்கிறதா, தலைசுற்றி விழுந்ததுண்டா, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறீர்களா, இந்த மாதிரி. உண்மையாகப் பதில் சொன்னால் நல்ல சல்லடை. ஆனால் நம் ஆட்கள் ஏற்றத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு "சும்மா கேஸ்" என்று சொல்லி, எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுவிடுவார்கள். அப்புறம், அறிகுறியே காட்டாத ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் இந்தக் கேள்விகளில் சிக்காது. அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவை இரண்டையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஈசிஜி? படுத்திருக்கும் இதயத்தின் சில விநாடிப் பதிவு, அவ்வளவுதான். பழைய மாரடைப்பு, துடிப்புக் கோளாறு தெரியலாம். இதய ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தும் நார்மலாக வருவது சகஜம்.

டிரெட்மில் டெஸ்ட் இதைவிடக் கெட்டி. நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, வழக்கமான புரூஸ் முறையில் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம் என்று தொடங்கி, 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டுவார்கள். அந்த ரத்தக் குழாய் ரொம்பவே சுருங்கியிருந்தால் பெரும்பாலும் பிடித்துவிடும். குழாய்ச் சுவரில் இருக்கும் சின்னக் கொழுப்புப் படிவு திடீரென வெடித்து வருகிற மாரடைப்பை முன்கூட்டிச் சொல்லாது. ஆபத்துக் குறைந்தவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இல்லாத கோளாறை இருப்பதாகக் காட்டி ஆஞ்சியோ (இதய ரத்தக் குழாய்க்குள் மருந்து செலுத்திப் படமெடுக்கும் சோதனை) வரை இழுத்துவிடுவதும் உண்டு.

இன்னொன்று, கோவை சுமார் 400 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. இங்கே மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குதான், அதோடு காலைக் குளிர் ரத்தக் குழாய்களை இறுக்கி பி.பி.யை ஏற்றும். கீழே பாஸ் ஆன தெம்பில், ஏழு மணிக்குத் தொட்டபெட்டா ஏற்றத்தில் ஓடத் தொடங்கினால் அந்த ரிசல்ட் கைகொடுக்காது.

என் கணக்கில், அறிகுறி இல்லை, பி.பி. சுகர் சரி, வேகநடை மட்டும்தான் என்றால் கேள்வித்தாள் போதும், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் தொடங்கலாம். சர்க்கரை இருக்கிறது, சிகரெட் உண்டு, அப்பாவுக்கு ஐம்பதுக்குள் அட்டாக் வந்தது, பல வருடம் உட்கார்ந்தே இருந்துவிட்டு இப்போது கடுமையான பயிற்சிக்கு ஆசை என்றால் முதலில் டாக்டர், அவர் சொன்னால் டிரெட்மில். நடக்கும்போது நெஞ்சு இறுகி, நின்றால் விடுகிறது என்றால் நேராக இதய மருத்துவர்தான். உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சில் இறுக்கம் வந்து, நிற்காமல் வலித்தால் எந்த செக்கப் பேக்கேஜும் தேட வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.