பழுப்பு நிறத்தை நம்பி பிரெட் வாங்காதீர்கள். பொருள் பட்டியலில் உப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள்

‘முழு கோதுமை’, ‘ஏழு தானியம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து, உடம்புக்கு நல்லது என்று கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அதில் பலர் வீட்டுக்குக் கொண்டுபோவது நிறம் ஏற்றிய மைதா பிரெட்டைத்தான். சர்க்கரை நோய் உள்ள அப்பாவுக்காகவும் மலச்சிக்கலில் அழும் குழந்தைக்காகவும் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுத வேண்டியிருக்கிறது.

‘ஏழு தானியம்’ என்று விற்கும் 400 கிராம் பாக்கெட் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் இப்படி இருக்கும்: சுத்திகரித்த கோதுமை மாவு, தண்ணீர், சர்க்கரை, ஈஸ்ட், தாவர எண்ணெய், கோதுமை குளூட்டன், உப்பு, தானியக் கலவை (ஓட்ஸ், பார்லி, ஆளி விதை, எள்...), நிறமி 150ஏ, பதப்படுத்தி 282. பொருள்களை எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் எழுதுவதுதான் முறை. பிரெட்டில் உப்பு மாவின் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. தாண்டினால் வாயில் வைக்க முடியாது. அதாவது 400 கிராம் பிரெட்டில் உப்பு சுமார் 5 கிராம். உப்புக்குப் பிறகு எழுதியிருக்கும் எதுவும் அதைவிட அதிகமாக இருக்க முடியாது. ஆக, அந்த ஏழு தானியமும் சேர்ந்தே 5 கிராம் தேறினால் பெரிது. மேல்பரப்பில் ஒட்டியிருக்கும் எள்ளும் ஓட்ஸும் கண்ணுக்குத்தான்.

150 என்ற எண் காரமெல் நிறமி. சர்க்கரையைக் கருக்கிச் செய்வது. இதுவும் மால்ட் சாறும் (முளைகட்டிய பார்லியின் சாறு) சேர்ந்தால் மைதா பிரெட்டுக்கு நல்ல பழுப்பு வந்துவிடும். முழு கோதுமையின் பழுப்பு வேறு மாதிரி இருக்கும்: ஸ்லைஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தவிட்டுத் துணுக்குகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். நிறம் ஏற்றியது ஒரே சீராக, சாயம் தோய்த்த துணி போல இருக்கும்.

வெறும் ‘கோதுமை மாவு’ என்று எழுதியிருந்தாலும் அது மைதாதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘முழு’ என்ற சொல் பொருள் பட்டியலில், முதல் இடத்தில், முடிந்தால் சதவீதத்தோடு இருக்க வேண்டும். அடுத்து நார்ச்சத்து. 100 கிராமுக்கு 6 முதல் 7 கிராம் என்றால் உண்மையான முழு கோதுமை. 2 முதல் 3 கிராம்தான் என்றால் மைதா. நடுவில் 4 என்று நின்றால் கலவை. சிலர் இன்யூலின் (செடிகளிலிருந்து பிரித்தெடுக்கும் ஒரு நார்ச்சத்து), ஓட்ஸ் நார் என்று தனியாகச் சேர்த்து இந்த எண்ணை உயர்த்திக் காட்டுகிறார்கள். அதனால் எண்ணையும் பட்டியலையும் சேர்த்தே படியுங்கள்.

‘சவர்டோ’ என்ற பெயரிலும் இதே கதை. அசல் சவர்டோவுக்கு மாவு, தண்ணீர், உப்பு மூன்றும் போதும். இயற்கையாகப் புளித்த மாவுதான் அதை உப்ப வைக்கும். பட்டியலில் ஈஸ்ட்டோடு வினிகரோ, சிட்ரிக் அமிலமோ, காய்ந்த சவர்டோ பொடியோ இருந்தால் புளிப்பு வெளியிலிருந்து வந்தது. கெடுதல் இல்லை, ஆனால் அந்த விலைக்கு உரியதும் இல்லை.

பக்கத்து பேக்கரிக்குப் போனால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அங்கே பல நேரம் லேபிளே இருக்காது, வாய்வார்த்தைதான். ‘இப்பத்தான் சுட்டது’ என்று சூடாகக் கொடுப்பது நேற்றைய பிரெட்டை ஓவனில் காட்டியதாகவும் இருக்கலாம், பாதி வெந்து உறைந்து வந்ததைக் கடையில் முடித்ததாகவும் இருக்கலாம். பிரெட் காய்ந்துபோவதற்குக் காரணம் ஈரம் போவது மட்டுமில்லை, உள்ளிருக்கும் ஸ்டார்ச் மறுபடி இறுகுவதும்தான். 60 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அந்த இறுக்கம் தளர்ந்து மெத்தென்று ஆகிவிடும். ஆனால் ஆறியதும் முன்னைவிட வேகமாக இறுகும். காலையில் பஞ்சு போல இருந்தது மதியத்துக்குள் உதிர்ந்தால் சந்தேகப்படுங்கள்.

உண்மையிலேயே சூடான பிரெட்டையும் சூட்டோடு வெட்டி பிளாஸ்டிக் பையில் போட வைக்காதீர்கள். ஓவனிலிருந்து வெளியே வரும்போது உள்ளே 95 டிகிரி இருக்கும். ஆற இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்கு முன் வெட்டினால் உள்பகுதி களி போல ஒட்டும். பையில் முத்து முத்தாக நீர் கோக்கும், சீக்கிரமே பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் ஒரு ஸ்லைஸில் தெரிந்தால் பாக்கெட் முழுவதையும் ஒதுக்குங்கள். பஞ்சு போன்ற பொருளில் அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும்.

பேக்கரியில் கேட்க வேண்டியவை மூன்று: முழு கோதுமை மாவு எத்தனை பங்கு, ஓவனிலிருந்து எத்தனை மணிக்கு வெளியே வந்தது, எந்த இம்ப்ரூவர் (பிரெட் நன்றாக உப்பி மெத்தென்று வர மாவில் சேர்க்கும் பொடி) போடுகிறீர்கள். கடைசிக் கேள்வி, இம்ப்ரூவராகப் பயன்பட்ட பொட்டாசியம் புரோமேட்டுக்காக. புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திய பொருள் அது. பிரிட்டன் 1990இலும் கனடா 1994இலும் இந்தியா 2016இலும் அதை விலக்கின. கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. இம்ப்ரூவர் பாக்கெட்டைக் காட்டத் தயங்காத கடையில் வாங்குங்கள்.

வெயில் காலத்தில் இன்னொன்று. பிரெட்டைப் பிரித்ததும் நன்றாகப் பழுத்து அளிந்த அன்னாசி வாசம் வந்தால் தின்னாதீர்கள். இரண்டாகப் பிட்டு மெதுவாக இழுங்கள். நடுப்பகுதி பிசுபிசுத்து சிலந்தி நூல் மாதிரி இழை இழையாக நீளும். பாசில்லஸ் வகை பாக்டீரியாவின் வேலை இது. அதன் வித்துகள் ஓவன் சூட்டிலும் சாகாமல் இருந்து, சூடும் ஈரமும் உள்ள நாளில் ஓரிரு நாளிலேயே பெருகிவிடும். மேல்தோல் நன்றாகவே இருக்கும் என்பதால் பலர் கவனிப்பதில்லை.

வீட்டிலேயே செய்தால் மாவு உங்கள் கையில். ஆனால் ‘ஒரு கப் மாவு’ என்று சொல்லும் குறிப்புகள் அங்கேயும் காலை வாரிவிடும்: அள்ளும் விதத்தைப் பொறுத்து ஒரு கப் 120 கிராமும் ஆகும், 150ம் ஆகும். தராசு வாங்குங்கள். முழு கோதுமை மாவு 500 கிராம், தண்ணீர் 375 முதல் 400 மில்லி, உப்பு 9 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், எண்ணெய் 15 கிராம். முதலில் மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். தவிடு மெதுவாகத்தான் நீர் குடிக்கும். ஊறாத தவிடு, மாவை உப்பத் தாங்கும் குளூட்டன் என்ற கோதுமைப் புரதத்தின் வலையை அறுத்துவிடும். பிறகு மற்றதைச் சேர்த்து 10 நிமிடம் பிசையுங்கள். கையில் லேசாக ஒட்டும், அதற்காக மாவு தூவாதீர்கள். செங்கல் மாதிரி வருவதற்கு முதல் காரணம் அந்தக் கூடுதல் மாவுதான்.

ஈஸ்ட்டில் சந்தேகம் இருந்தால் வெதுவெதுப்பான 100 மில்லி தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஈஸ்ட்டும் அரை டீஸ்பூன் சர்க்கரையும் போட்டுப் பத்து நிமிடம் பாருங்கள்; நுரைக்காவிட்டால் அது செத்த ஈஸ்ட். 30 டிகிரி வெக்கையில் மாவு ஒரு மணி நேரத்துக்குள் உப்பிவிடும். அதை உருட்டி டின்னில் வைத்து மறுபடி உப்ப விட்டபின் விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாக, பாதி மட்டும் எழும்ப வேண்டும். எழும்பவே இல்லையென்றால் நேரம் தாண்டிவிட்டது. வேகும்போது நடுவில் அமுங்கும். 200 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். உள்ளே 95 டிகிரி வந்ததும் எடுங்கள். பதப்படுத்தி இல்லாததால் வெளியே இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், அந்தக் குளிரில்தான் ஸ்டார்ச் வேகமாக இறுகும். வெட்டி ஃப்ரீசரில் வைத்து, வேண்டியதை மட்டும் டோஸ்ட் செய்துகொள்ளுங்கள்.

வாரம் ஒருமுறை மூன்று மணி நேரம் ஒதுக்க முடிந்தால் வீட்டில் செய்வதே மேல். முடியாதவர்களுக்கு, நார்ச்சத்து 6 கிராமுக்கு மேல் இருந்து, மாவுச் சதவீதமும் எழுதியிருக்கும் பாக்கெட், வாய்வார்த்தை பேக்கரியைவிட நம்பகமானது.

தேதி முடியாத பாக்கெட்டில் பூஞ்சணம் இருந்தாலோ, முன்பக்கம் சொன்னது பின்பக்கத்தில் இல்லாமல் இருந்தாலோ ஆத்திரத்தில் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பேட்ச் எண், தேதி, பொருள் பட்டியல் மூன்றும் தெரிய போட்டோ எடுங்கள். மீதி பிரெட்டை அதே உறையோடு இன்னொரு பையில் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். ரசீதோடு உங்கள் ஊர் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு எண் வாங்கிக்கொள்ளுங்கள். பேட்ச் எண் இல்லாத புகாரை வைத்து அவர்களால் எந்த உற்பத்தி நாளையும் தேடிப் பிடிக்க முடியாது.